நிகாஹ் முடிந்தது, பதிவு முடிந்ததா?

(ராயப்பேட்டையில் ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் கூடிய மஹல்லா நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசகர்களின் பயன் கருதி வெளியிடப்படுகிறது.)

   

நிகாஹ் மஜ்லிஸ்களில் என்னை வாழ்த்திப் பேசச் சொல்வார்கள். இன்று நிகாஹுக்கு மறுநாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிரியாணிச் சட்டி கழுவி வைத்த பிறகு, பந்தல்காரர் கணக்கு முடித்த பிறகு, ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. அதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மாப்பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால், அல்லது வெளிநாட்டில் போய் வாழப் போகிறவர்களாக இருந்தால், அந்த மறதிக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது. அந்தக் காரியம் திருமணப் பதிவு.

என் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

148-ம் நாள்

என் அண்ணன் மகள் இந்த ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். 2018 ஏப்ரல் முதல் வாரத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளிவாசலில் அவளுக்கு நிகாஹ் நடந்தது. மாப்பிள்ளை கோலாலம்பூர் வாசி, மூன்று தலைமுறைக்கு முன் கடல் கடந்த நம் தமிழ் முஸ்லிம் குடும்பம், மலேசியக் குடிமகன். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். மஹர் அங்கேயே ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. தஃப்தரில் கையெழுத்தானது. துஆ ஓதினோம். மூன்றே வாரத்தில் விடுப்பு முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார்.

“பதிவு செய்ய வேண்டாமா?” என்று யாரோ கேட்டார்கள். “தஃப்தரில்தான் எழுதியாச்சே பாய்” என்று நானே பதில் சொன்னேன். ஆம், இன்று உங்களுக்கு உபதேசம் செய்ய நிற்கும் நானேதான்!

நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது: “சாச்சா, இங்கே எங்கள் மார்க்கத் துறையில் கல்யாணத்தைப் பதிய வேண்டும். இந்திய அரசு கொடுத்த திருமணச் சான்று வேண்டுமாம். பள்ளிவாசல் தஃப்தரின் நகல் மட்டும் போதாதாம்.” அப்போதுதான் நாட்களை எண்ண ஆரம்பித்தோம். தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அந்த 90 நாட்கள் போய்விட்டன. கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாட்கள் அவகாசம் இருந்தது. மொத்தம் 150 நாட்கள். மாப்பிள்ளை ஊரில் வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் நடந்த நிகாஹை ஆறு மாதங்களுக்குள் பதிய வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் எங்கள் பெண் தாய் வீட்டில் காத்திருந்தாள்.

தஃப்தரைத் திறந்து பார்த்தால் அடுத்த அதிர்ச்சி. மலேசியாவில் ஒருவர் பெயர் ‘இன்னார் பின் இன்னார்’ என்று தந்தை பெயரோடு சேர்ந்துதான் இருக்கும். நம் தஃப்தரில் ‘பின்’ போய்விட்டது. தந்தை பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி இனிஷியலாக முன்னால் வந்து நின்றது. பெண்ணின் பெயரோ வீட்டில் கூப்பிடும் பெயர், பாஸ்போர்ட்டில் வேறு. ஆக, தஃப்தரில் மணமுடித்த இருவரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் இருவர் அல்ல என்று எந்த அதிகாரியும் சொல்லலாம். அவரைக் குறை சொல்ல முடியாது!

நிகாஹ் நடத்தி வைத்த இமாம் ஹஜ்ஜுக்குப் புறப்பட இரண்டே நாட்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த வீட்டில் போய் நின்று, விண்ணப்பத்திலும் பெயர்த் திருத்தத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கினோம். மாப்பிள்ளை கெஞ்சி விடுப்பு வாங்கி மறுபடி சென்னை வந்தார். முதல் நாள் போனபோது சாட்சி ஒருவரின் அடையாள அட்டையில் பழைய முகவரி என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் கணினி வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் பதிவாயிற்று. அது 148-ம் நாள்! வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். கால் நடுங்கியது. என் அண்ணன் மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “சாச்சா, ஏப்ரலில் நடந்தது கல்யாணம் இல்லையா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லும், ஆனால்...

ஏப்ரலில் நடந்ததுதான் கல்யாணம். அதில் சந்தேகமே வேண்டாம். ஈஜாபும் கபூலும், சாட்சிகளும், வலியும், மஹரும் கூடினால் நிகாஹ் நிறைவேறிவிட்டது. எந்த அரசாங்க முத்திரையும் அதை உண்டாக்குவதில்லை. எந்த முத்திரை இல்லாததும் அதை முறிப்பதில்லை.

இது நம் மார்க்க அறிஞர்கள் மட்டும் சொல்வதல்ல, சட்டங்களே சொல்கின்றன. மலேசியாவின் கூட்டாட்சிப் பிரதேசங்களுக்கான 1984-ம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் என்ன சொல்கிறது? பதிவு செய்ததாலேயே ஒரு திருமணம் செல்லத்தக்கதாகிவிடாது. பதிவு செய்யாததாலேயே செல்லாததாகியும் விடாது என்கிறது. இலங்கையின் 1951-ம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16-ம் பிரிவும் அதையே சொல்கிறது. நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று, சீமா எதிர் அஸ்வினி குமார் வழக்கில், எல்லா மதத்தவர் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதே தீர்ப்பில், பதிவு மட்டுமே செல்லத்தக்க திருமணத்துக்கு ஆதாரமாகிவிடாது என்றும், ஆனால் குழந்தைகளின் உரிமை, பராமரிப்பு, மணமக்களின் வயது ஆகிய விஷயங்களில் அதற்குப் பெரும் சாட்சிய மதிப்பு உண்டு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் வழியில்தான் தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது.

மூன்று நாடுகளிலும் ஒரே நியதியைப் பாருங்கள்! திருமணத்தை உண்டாக்குவது நிகாஹ். அதை மெய்ப்பிப்பது பதிவு. பதிவு செய்தவர் தாளை நீட்டினால் போதும். பதிவு செய்யாதவர் சாட்சிகளைத் தேட வேண்டும், இமாமைத் தேட வேண்டும், கல்யாண போட்டோவைத் தேட வேண்டும். நிரூபிக்கும் சுமை முழுவதும் அவர் தோளில் விழுகிறது. அந்தச் சுமை பெரும்பாலும் யார் தோளில் விழுகிறது தெரியுமா? கணவன் கடல் கடந்திருக்க, இங்கே காத்திருக்கும் பெண்ணின் தோளில்!

முன்னோர் கேட்டு வாங்கிய முத்திரை

“நம் நிகாஹில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் சட்டம் வந்தபோது நம்மிடையே அந்தத் தயக்கம் இருந்தது உண்மை. அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறேன்.

1864-ல் ஆங்கில அரசாங்கம், காஜிகளை இனி அரசு நியமிக்காது என்று கைகழுவியது. சமுதாயம் என்ன செய்தது? “தொல்லை விட்டது” என்று மகிழ்ந்ததா? இல்லை. நிகாஹில் அரசு நியமித்த காஜி இருக்க வேண்டும் என்பது பல பகுதிகளில் முஸ்லிம்களின் வழக்கமாக இருந்தது. அதனால் மீண்டும் நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1880-ல் காஜிகள் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் முதன்முதலில் எந்த நிலப்பரப்புக்கு என்று வந்தது தெரியுமா? புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆளப்பட்ட நம் சென்னை மாகாணத்துக்கு! அமீர் மஹாலும் நியூ காலேஜும் நிற்கும் இந்த ராயப்பேட்டை மண்ணின் முன்னோர்களும் அந்த வழக்கத்தில் வாழ்ந்தவர்கள்தாம். காஜி வந்தால்தான் நிகாஹ் கூடும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேறு எவரும் நடத்தி வைக்கத் தடையில்லை என்று அதிலேயே இருக்கிறது. இருந்தும் நம் பாட்டன்மார் அந்தக் கையெழுத்தை விரும்பினார்கள். ஏன்? நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அந்தக் கையெழுத்து பேசும் என்பதால்தான்!

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சூரத்துல் பகராவின் 282-ம் வசனத்தை ஆலிம்கள் நமக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறார்கள்! ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத்து வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்நாளுக்கு வேண்டாமா?

மேசைக்கு அந்தப் பக்கம்

அலுவலகங்களில் அலைக்கழிக்கிறார்கள் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அலைக்கழிப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலிருந்தும் ஒரு முறை பாருங்கள். துபாயில் இருக்கும் குடிவரவு அதிகாரிக்கு நம் பள்ளிவாசலைத் தெரியாது. நம் இமாமின் கையெழுத்தைத் தெரியாது. நம் சார்பதிவாளரையும் தெரியாது. அப்படியானால் அவர் எப்படி நம்புவார்? ஒரு சங்கிலிதான் வழி. சார்பதிவாளரின் சான்றை மாநில அரசு சரிபார்க்கிறது. மாநில அரசின் முத்திரையை நம் வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்கிறது. அமைச்சகத்தின் முத்திரையை அந்த நாட்டுத் தூதரகம் உறுதி செய்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரின் கையெழுத்துக்கு மட்டுமே பொறுப்பு. சங்கிலியின் முதல் கண்ணி சார்பதிவாளரின் சான்று. அதுவே இல்லை என்றால் மற்றக் கண்ணிகளை எங்கே மாட்டுவது?

இந்தச் சங்கிலியைச் சுருக்குவதற்காகத்தான் 1961-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரை. அதில் சேர்ந்த நாடுகளுக்குள் தூதரகச் சான்று தேவையில்லை. இந்தியா 2005 ஜூலையிலிருந்து அதில் இருக்கிறது. ஓமனும் பஹ்ரைனும் சேர்ந்தன. சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சேராத நாட்டுக்குப் பழைய சங்கிலிதான். ஆகவே நீங்கள் போகும் நாடு எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு வேண்டிய முத்திரையை மற்றொன்றுக்கு வாங்கி வந்து பணத்தையும் மாதத்தையும் இழந்தவர்கள் நம்மில் உண்டு.

பெயர்தான் பாதி வேலை

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுச் சிக்கல்கள் சட்டத்தால் வருவதில்லை, பெயரால் வருகின்றன. முகமது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, தஃப்தரில் நான்காவதாக ஒன்று. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில இடங்களில் வராமலே போகும். பேகமும் பீவியும் சில தாளில் இருக்கும், சில தாளில் இருக்காது. நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு நான்கு ஆட்கள்!

எனவே நிகாஹ் தஃப்தரை எழுதும் சகோதரர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். வாயால் சொல்லும் பெயரை எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டை வாங்கி மேசையில் வையுங்கள். அதில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். ஹிஜ்ரி தேதியோடு ஆங்கிலத் தேதியையும் எழுதுங்கள். சாட்சிகளின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ என்று ஓரத்தில் குறிப்பதால் பயனில்லை. எந்த நாட்டுக் குடிமகன், பாஸ்போர்ட் எண் என்ன என்று எழுதுங்கள். உர்தூவிலோ அரபியிலோ எழுதும் வழக்கம் இருந்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதுங்கள்.

அங்கே போய் மணமுடிப்பவர்களுக்கு

இளைஞர்களே! உங்களில் பலர் கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்கள். அங்கேயே நிகாஹ் நடந்தால் அந்த நாட்டில் நீங்கள்தான் அந்நியர். இங்கே வந்த மலேசிய மாப்பிள்ளை பட்ட பாட்டை அங்கே நீங்கள் பட வேண்டியிருக்கும். முன்கூட்டியே விசாரிக்காமல் நாள் குறிக்காதீர்கள்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர், அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் மணந்தாலும் சரி, ஊருக்கு வந்து மணந்தாலும் சரி. இது தெரியாமல் இங்கே நிகாஹை முடித்துக்கொண்டு திரும்பினால் வேலையே ஆட்டம் காணும்.

இலங்கையில் 2022 ஜனவரி 1 முதல், இலங்கையரை மணக்கும் வெளிநாட்டவரின் திருமணத்தைப் பதிய அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவாளர் நாயகம் சுற்றறிக்கை விட்டார். அங்கே பலர் அதைக் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமாக இருக்கலாம். ஆனால் நம் பிள்ளை காயல்பட்டினத்திலிருந்து கொழும்புக்குச் சம்பந்தம் பேசினால், நாள் குறிக்கும் முன் அப்போதைய விதி என்ன என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

இந்தியக் குடிமக்களுக்கு 1969-ம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் என்று ஒன்று உண்டு. மணமக்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால், நம் தூதரகத்தில் உள்ள திருமண அதிகாரி முன் திருமணம் செய்யலாம். முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி முடிந்த திருமணத்தைப் பதியவும் அதில் வழி உண்டு.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். இங்கே வெளிநாட்டவரை மணப்பவர்களுக்கு, “சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிடுங்கள், சுலபம்” என்று இடைத்தரகர்கள் சொல்வார்கள். அது 1954-ம் ஆண்டுச் சட்டம்; நல்ல சட்டம்தான்; தேவைப்படுவோர் அறிந்தே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதில் பதிந்தால் உங்கள் சொத்தின் வாரிசுரிமை 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து முஸ்லிம் தம்பதி ஒருவர், பல ஆண்டு இல்லறத்துக்குப் பின், 2023 மார்ச் 8 அன்று இதே சட்டத்தின் கீழ் மறுபடி மணந்துகொண்டார்கள். தங்கள் சொத்து முழுவதும் மகள்களுக்கே சேர வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார்கள். அது சரியா தவறா என்று விவாதிப்பதற்கல்ல இந்தக் கூட்டம். அவர்கள் தெரிந்து செய்தார்கள். நம்மவர் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதே என் கவலை. 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவது வேறு. 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவது வேறு. எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள்!

மறுமணம் செய்பவர்களுக்கும் ஒரு சொல். “முந்தைய மணம் முறிந்ததற்கு ஆதாரம் எங்கே?” என்று வெளிநாட்டு அலுவலகம் கேட்கும். காஜி கொடுக்கும் தலாக் சான்று வெறும் கருத்தே, சட்ட வலிமை உள்ளதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. குலா விஷயத்திலும் தனியார் அமைப்புகளின் சான்று போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் சொன்னது. இவற்றில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். அதை உரிய இடத்தில் வாதிடுவோம். ஆனால் நம் பெண் பிள்ளையின் மறுவாழ்வை அந்த வாதம் முடியும் வரை காக்க வைக்காதீர்கள். நீதிமன்ற ஆணையை வாங்கிக் கையில் கொடுங்கள்.

கேட்டால் கிடைக்கும்

அதிகாரிகள் சொல்வதெல்லாம் சட்டம் என்று மலைத்துப் போகவும் வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2022-ல் ஒரு வழக்கு. பெண் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர். மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். இருவரும் முஸ்லிம்கள் அல்லர். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மே மாதம் விண்ணப்பித்தார்கள். 30 நாள் அறிவிப்புக் காலம் முடிந்தும் திருமணம் நடத்தி வைக்கப்படவில்லை. மாப்பிள்ளையின் விடுப்பு முடிந்துவிட்டது. அவர் பெண்ணின் பெயருக்கே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கா திரும்பினார். பெண் சும்மா இருக்கவில்லை. மதுரைக் கிளையில் மனுப் போட்டார். நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் 2022 ஜூலை 28 அன்று ஆணையிட்டார்: மூன்று சாட்சிகள் முன்னிலையில், மாப்பிள்ளை காணொலியில் தோன்ற, திருமணத்தை நடத்திச் சான்று கொடுங்கள்; இருவருக்குமாகப் பெண்ணே கையெழுத்திடலாம் என்று.

அந்தப் பெண்ணுக்கு எது துணை நின்றது? எண்ணிப் பாருங்கள்! விண்ணப்பித்த தேதி எழுத்தில் இருந்தது. அறிவிப்புக் காலம் முடிந்தது கணக்கில் இருந்தது. அதிகாரப் பத்திரம் முறையாக எழுதப்பட்டிருந்தது. தாள்கள் சரியாக இருந்ததால் கேள்வி கேட்க முடிந்தது. நாமோ வாய்ப்பேச்சில் அலைகிறோம். யாரிடம் எப்போது கொடுத்தோம் என்பதற்கு ரசீது கூட வாங்குவதில்லை. ஓர் அதிகாரி திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள்!

பங்கு கேட்கும் உரிமைகள்

ஒரு தாளுக்கா இத்தனை பேச்சு என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாளோடு எவை எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வளைகுடா நாட்டில் மனைவிக்குக் குடும்ப விசா வேண்டுமானால் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்று வேண்டும். வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அங்கும் பெற்றோரின் திருமணச் சான்று கேட்கப்படும். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ‘ஓ.சி.ஐ.’ அட்டை பெற வேண்டுமானால், திருமணம் பதிவு செய்யப்பட்டு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கத் திருமணச் சான்று கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். அதனால் பலர் சான்றே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அது தவறு. பாஸ்போர்ட் நம்மை விமானம் ஏற்றலாம். அங்கே இறங்கிய பிறகு சான்றுதான் பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மவுத் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் கணவர் இறந்துவிட்டால், நிறுவனம் தர வேண்டிய பாக்கி, காப்பீடு, இழப்பீடு எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாட்டு அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, “நீ அவருக்கு யார்?” இத்தாவில் இருக்கும் பெண், தான் மனைவிதான் என்று நிரூபிக்க ஊரெல்லாம் சாட்சி தேடி அலைவதா? அதைவிட ஒரு கொடுமை உண்டா? நாம் 90 நாட்களுக்குள் செய்யாத ஒரு வேலையின் கணக்கு அது!

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே இந்த மஹல்லாவுக்கு என் வேண்டுகோள்கள் சில. நிகாஹுக்கு அனுமதிக் கடிதம் கேட்டு வரும்போதே மணமக்களின் பாஸ்போர்ட் நகலை வாங்கி, பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு விண்ணப்பத்தையும் அப்போதே பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். நிகாஹ் நாளன்றே, இமாமும் சாட்சிகளும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், எல்லாக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டவர் என்றால் அவர் விமானம் ஏறும் முன் பதிவு முடிய வேண்டும். நிகாஹ் நடந்த இடத்துச் சார்பதிவாளரிடம் மட்டுமல்லாமல், மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் பகுதியிலும் பதியலாம் என்று 2020-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அதனால் வெளியூரில் நிகாஹ் நடந்தது என்பதும் இனி சாக்கு அல்ல.

படித்த இளைஞர்கள் இரண்டு பேர் வாரம் ஒரு நாள் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்தால் போதும். தரகருக்குக் கொடுக்கும் ஆயிரங்கள் மிஞ்சும். சான்று வந்ததும் ஒரு அசல் பிரதி பெண்ணின் கையில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டு அலமாரியில் அல்ல, பெண்ணின் கையில்!

என் அண்ணன் மகள் இன்று கோலாலம்பூரில் இரண்டு குழந்தைகளோடு நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஆண்டு அங்கேயும் பதிவு முடிந்தபோது ஆறு மாதம் நிறைய ஒன்பது நாட்கள்தான் பாக்கி. அவளுக்குக் கிடைத்த அந்த ஒன்பது நாட்கள் எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும், படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் கடைசியாக ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் திருமணச் சான்றை எடுத்துப் பாருங்கள். இருந்தால் பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். இல்லை என்றால் அதற்கு என்ன வழி என்று நாளைக் காலையிலேயே விசாரியுங்கள். உங்கள் வீட்டில் அண்மையில் நிகாஹ் நடந்திருந்தால் இப்போதே நாட்களை எண்ணுங்கள்.

நம் பெண் பிள்ளைகள் எந்த நாட்டு மேசை முன்னாலும் தலைகுனிந்து நிற்காத நிலையை வல்ல அல்லாஹ் நமக்கு ஆக்கித் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.